மலையில் காலிபரேஷன் தொட்டி: புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு

குன்னூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், தெர்மாமீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்க உதவும், தண்ணீர் நிரப்பிய காலிபரேஷன் தொட்டியை 95 டிகிரிக்கு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். 90 தாண்டியது, 93 தாண்டியது, 94-ஐ ஒட்டி வந்து நின்றுவிட்டது. மூடியைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. கண்ட்ரோலரோ, இன்னும் சூடு போதவில்லை என்று ஹீட்டருக்கு முழு மின்சாரத்தையும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. கண்ட்ரோலர்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, கோவை மெக்கானிக்குக்குப் போன் செய்ய எழுந்தேன். அங்கே வெகுநாளாக வேலை பார்த்த அண்ணன் ஒருவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். "தம்பி, இங்கே குக்கர் இல்லாமல் பருப்பே வேகாது. தண்ணீர் எப்படி 95-க்குப் போகும்?" என்று கேட்டுவிட்டு ஹீட்டரை அணைத்தார். அதற்குள் நீர்மட்டம் மூன்று விரல் இறங்கியிருந்தது. இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தால் ஹீட்டர் வெளியே தெரிந்து எரிந்துபோயிருக்கும்.

காரணம் காற்றழுத்தம். கடல்மட்டத்தில் 101.3 கிலோபாஸ்கல் இருக்கும் அழுத்தம், 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில் சுமார் 81-ஆகவும், 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் சுமார் 77-ஆகவும் குறைந்துவிடுகிறது. எனவே தண்ணீர் குன்னூரில் ஏறத்தாழ 94 டிகிரியிலும், ஊட்டியில் 92.5 டிகிரியிலும் கொதித்துவிடும். தொட்டியோடு வரும் கையேட்டை எழுதியவர் கடலோர ஊர்க்காரர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுதியதில் பொய் இல்லை. மலையேறியதும் சில எண்களை நாம்தான் கழித்துப் படிக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் உள்ள டிகிரி எல்லாம் செல்சியஸ்தான்.

தொட்டி எதற்கு

வெப்பநிலை ஒரே சீராக இருக்கும் திரவத்தில், குறிப்புத் தெர்மாமீட்டர் எனப்படும் நம்பகமான ஒன்றையும் சோதிக்க வேண்டிய தெர்மாமீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டும் என்ன காட்டுகின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வேலை. திரவம் நிற்கும் எஃகுத் தொட்டி, அடியில் ஹீட்டர், ஓயாமல் சுழலும் கலக்கி, குளிரூட்டும் வகையாக இருந்தால் கீழே கம்ப்ரசர், இவற்றையெல்லாம் ஆளும் கண்ட்ரோலர். இவற்றோடு, கண்ட்ரோலர் பைத்தியம் பிடித்து ஓடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி கட்-ஆஃப் ஒன்றும் இருக்கும். நீலகிரியில் நம்மிடம் வருபவை பெரும்பாலும் தொழிற்சாலைகளில் தேயிலையைக் காயவைக்கும் டிரையர்களின் தெர்மாமீட்டர்கள், மருத்துவமனைகளில் 2 முதல் 8 டிகிரிக்குள் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிகளின் சென்சார்கள், காய்கறிக் குளிர்கிடங்குகளின் சென்சார்கள். ஒரு கோடியில் 2 டிகிரி, மறு கோடியில் 110 டிகிரி. ஒரே நாளில் இரண்டும் வரும். வம்பும் அங்கேதான் தொடங்குகிறது.

இறக்கி வைக்கும்போது

கம்ப்ரசர் உள்ள தொட்டி மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஆடி ஆடி மேலே வந்திருக்கும். வழியில் படுக்க வைத்தார்களா என்று ஓட்டுநரிடம் கேட்பதில் பயனில்லை, "இல்லை" என்றுதான் சொல்வார். நிமிர்த்தி வைத்து 24 மணி நேரம் அப்படியே விடுங்கள். கம்ப்ரசரின் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்பட்டும்.

சுவரிலிருந்து ஒரு முழ இடைவெளி வேண்டும். மலைக்காற்று அடர்த்தி குறைந்தது, அதே விசிறி இங்கே குறைவான வெப்பத்தையே அள்ளிச் செல்லும். ஆய்வகக் கருவிகளின் பாதுகாப்பு விதிகள் பொதுவாக 2,000 மீட்டர் உயரம் வரை என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. குன்னூர் அந்த வரம்புக்குள் இருக்கிறது. ஊட்டியும், 2,100 மீட்டரைத் தாண்டிய கொடைக்கானலும் வெளியே போய்விடுகின்றன. அங்கே வாங்குபவர்கள் விற்பவரிடம் உயரத்தைச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

2 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டில் தனி இணைப்பாகக் கொடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் கட்டாயம். பாறை நிலத்தில் எர்த் சரியாக அமைவது கடினம், எலெக்ட்ரீஷியனை மீட்டரோடு வரவழைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். திரவம் நிரம்பிய உலோகத் தொட்டிக்குள் கையை விட்டு வேலை செய்யப்போவது நாம்தான்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது இங்கே வாடிக்கை. உங்கள் தொட்டி மின்சாரம் திரும்பியதும் தானாகச் சூடேறத் தொடங்குமா, பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்குமா? முதல் நாளே பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்த்துவிடுங்கள். தானாகத் தொடங்கும் வகை என்றால், இரவில் கிளம்பும்போது சுவர் சுவிட்சையும் அணைக்க வேண்டும். கம்ப்ரசரை அணைத்த உடனே மீண்டும் போடக் கூடாது, ஐந்து நிமிடம் விடுங்கள்.

எந்தத் திரவம்

புதிதாக வருபவர்கள் கண்ட்ரோலரின் பொத்தான்களைத்தான் முதலில் படிக்கிறார்கள். பொத்தான்களை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆளைக் கொல்லக்கூடியது திரவம். அதனால் அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

தண்ணீர் எல்லாவற்றிலும் நல்லது. மலிவு, தீப்பற்றாது, வெப்பத்தைச் சீராகப் பரப்பும். காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் ஹீட்டரில் உப்புப் படிய வைக்கும். கையேடு 90 டிகிரி வரை போகலாம் என்று சொல்லும். குன்னூரிலும் ஊட்டியிலும் நான் 80-க்கு மேல் தண்ணீரைக் கொண்டுபோவதில்லை. கொதிநிலையை நெருங்கும்போது ஹீட்டரின் மேற்பரப்பில் குமிழிகள் கிளம்பும், வெப்பநிலை அலைபாயும், ஆவியாகி மட்டமும் இறங்கிவிடும். அந்த நேரத்தில் எடுக்கும் அளவு எதற்கும் உதவாது.

பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டுமானால் தண்ணீரில் எத்திலீன் கிளைகால் கலப்பார்கள். பாதிக்குப் பாதி கலந்தால் உறைநிலை பூஜ்யத்துக்குக் கீழே 35 டிகிரியையும் தாண்டிவிடும். அது இனிக்கும், நஞ்சு. கீழே சிந்தியதை நாய் நக்கினால் பிழைப்பது அரிது. ஆய்வகத்தைச் சுற்றி நாய் திரியாத இடம் நீலகிரியில் எங்கே இருக்கிறது?

எத்தனால், மெத்தனால் இரண்டையும் பழைய ஆட்கள் தாராளமாக ஊற்றுவார்கள். எத்தனாலின் ஃபிளாஷ் பாயின்ட், அதாவது ஒரு பொறி பட்டால் அதன் ஆவி குப்பென்று பற்றக்கூடிய வெப்பநிலை, கடல்மட்டத்தில் சுமார் 13 டிகிரி. காற்றழுத்தம் ஒரு கிலோபாஸ்கல் குறைந்தால் ஃபிளாஷ் பாயின்ட் கால் டிகிரி இறங்கும் என்பது எண்ணெய்ச் சோதனைக் கூடங்களின் வழக்கமான கணக்கு. குன்னூரில் 5 டிகிரி கழியும், ஊட்டியில் 6. ஆக இங்கே எத்தனால் 8 டிகிரிக்கே தயாராகிவிடுகிறது. அறை 16 டிகிரியில் இருந்தால், தொட்டியைப் போடாமல் மூடி திறந்து கிடந்தாலே ஆபத்துதான்.

இதோடு மலையின் இன்னொரு பழக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். குளிர் என்று சன்னல்களை எல்லாம் சாத்திவிடுவோம். ஒரு டிசம்பர் காலையில், இரவுக் காவலர் விரல் விறைக்கிறது என்று கணப்புச் சட்டியைக் கரி கனியக் கனிய உள்ளே கொண்டுவந்து, எத்தனால் தொட்டி இருந்த அறையின் மூலையில் வைத்துவிட்டார். நல்ல மனிதர். எங்களுக்கும் குளிரும் என்றுதான் கொண்டுவந்தார். முந்தின நாள் மாலை தொட்டியை வடித்து மூடி வைத்திருந்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து எங்கள் அறையில் ஆல்கஹால் கிடையாது. கணப்புச் சட்டியும் கிடையாது. அடைத்த அறையில் கரிப்புகை ஆளை மயக்கும் என்பது தனிக் கதை.

தொட்டியின் பின்புறத் தகட்டையும் பாருங்கள். என்.எஃப்.எல். என்று போட்டிருந்தால் தீப்பற்றாத திரவத்துக்கு மட்டும், எஃப்.எல். என்றால் தீப்பற்றும் திரவத்துக்கும் ஏற்ற பாதுகாப்பு உண்டு என்று பொருள். முதல் வகையில் எண்ணெயோ ஆல்கஹாலோ ஊற்றாதீர்கள்.

இனி சிலிகோன் எண்ணெய். டிரையருக்குள் நுழையும் காற்று 100 டிகிரியை ஒட்டி இருக்கும். மலையில் அந்த வெப்பநிலையைத் தண்ணீரால் எட்ட முடியாது என்பதால் எண்ணெய்தான் ஒரே வழி. எண்ணெயை அதன் பாகுத்தன்மையை வைத்து 10, 50, 100 என்று எண் சொல்லி விற்கிறார்கள். எண் கூடக்கூட அதிகச் சூட்டைத் தாங்கும், ஆனால் கெட்டியாக இருக்கும். அந்த எண் 25 டிகிரியில் அளந்தது. ஊட்டியில் ஜனவரி மாதக் காலை 5 டிகிரியில் அதே எண்ணெய் நன்றாகத் தடித்துப்போய்விடும், கலக்கியின் மோட்டார் முனகும். அந்த நேரத்தில் முழு வேகத்தில் ஹீட்டரைப் போட்டால், அடி எண்ணெய் கருகும், மேல் எண்ணெய் குளிர்ந்தே இருக்கும். முதலில் 40 டிகிரிக்கு வைத்து, எண்ணெய் நீர்த்துச் சுழல்வதைக் கண்ணால் பார்த்த பிறகு மேலே போங்கள்.

எண்ணெய் 10 டிகிரிக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் விரியும். 20 டிகிரியில் 20 லிட்டர் ஊற்றி 150-க்குக் கொண்டுபோனால் இரண்டரை லிட்டர் கூடுதலாக நிற்கும். விளிம்புவரை நிரப்பியவர்களின் தொட்டியைச் சுற்றித் தரை எப்படி வழுக்கும் என்பதை ஒருமுறை விழுந்தவர்கள் அறிவார்கள். குளிரில் ஹீட்டரும் கலக்கியும் மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள், சூடேறிய பிறகு குறை இருந்தால் சேர்க்கலாம். சிலிகோனோடு வேறு எந்த எண்ணெயையும் கலக்காதீர்கள்.

கட்-ஆஃப் எண்ணை இப்படி வைக்கிறேன்: திரவத்தின் தகவல் தாளில் உள்ள ஃபிளாஷ் பாயின்ட்டை எடுத்து, மலைக்காக 6 டிகிரி கழித்து, அதிலிருந்து இன்னும் 25 டிகிரி கழிக்கிறேன். அதைத் தாண்டி எந்த நாளும் வைப்பதில்லை. அன்றைய வேலைக்கு அதையும்விடக் கீழே, வேண்டிய வெப்பநிலைக்கு 10 டிகிரி மேலே நிறுத்திக்கொள்கிறேன். தண்ணீரிலிருந்து எண்ணெய்க்கும் எண்ணெயிலிருந்து தண்ணீருக்கும் மாறும் ஒவ்வொரு முறையும் இந்த எண்ணை மாற்ற வேண்டும். மறந்துபோகும் என்பதால் தொட்டியின் மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம்: என்ன திரவம், எவ்வளவு வரை, ஊற்றிய தேதி.

கடுகு வெடித்த நாள்

ஒரு ஜூலை மாதம். மருத்துவமனைச் சென்சார்கள் வந்திருந்தன. எண்ணெய்த் தொட்டியையே 3 டிகிரிக்கு இறக்கி, மூடியைப் பாதி திறந்து வைத்து நாள் முழுதும் வேலை பார்த்தேன். வெளியே மூடுபனி சன்னல்வரை வந்து நின்றது. மறுநாள் டிரையர் தெர்மாமீட்டர்கள். செட் பாயின்ட்டை, அதாவது தொட்டி எட்ட வேண்டிய வெப்பநிலையை, 110-க்குத் தூக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது தாளிக்கும் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல ஒரு சத்தம். மூடி தட்தட்டென்று குதிக்கிறது. விளிம்பில் எண்ணெய்த் துளிகள் தெறித்து, மேசையில் கிடந்த பதிவேட்டின் மேல் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தன. முந்தின நாள் ஈரக்காற்று குளிர்ந்த எண்ணெயில் பட்டுப் பனித்து, தண்ணீராக அடியில் போய்த் தங்கியிருக்கிறது. எண்ணெய்க்கு அடியில் சிக்கிய தண்ணீர், கொதிநிலையைத் தாண்டியும் கொஞ்ச நேரம் அடங்கியிருந்துவிட்டு ஒரேயடியாக ஆவியாகும். ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஆவியானால் ஒன்றரை லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். அந்த இடத்தில் இருந்த சூடான எண்ணெய் வேறு எங்கே போகும்? நம் முகத்துக்குத்தான். நான் தேநீருக்குப் போனதும், கண்ணாடி அணியாமல் அருகில் போகாததும் என் அதிர்ஷ்டம். மூடியைத் தொடாமல் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, ஆறும்வரை அறைக்கு வெளியே நின்றேன்.

இப்போது செய்வது வேறு. குளிர் வேலைக்குத் தண்ணீர்-கிளைகால் தொட்டி, சூட்டு வேலைக்கு எண்ணெய்த் தொட்டி, இரண்டும் தனித்தனி. ஒரே தொட்டிதான் இருக்கிறது என்பவர்கள், குளிர் வேலை முடிந்த மறுநாள் காலை கலக்கியைப் போடுவதற்கு முன் வடிகுழாயைத் திறந்து, ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாக நின்றால், தெளிந்த எண்ணெய் வரும்வரை வடியுங்கள். பிறகு மூடி போட்டு, கலக்கியை ஓடவிட்டு, 80 டிகிரியில் சில மணி நேரம் நிறுத்துங்கள். எஞ்சிய ஈரம் சத்தமில்லாமல் ஆவியாகிவிடும். அதன் பிறகும் 90-லிருந்து 105 வரை மெதுவாக, காதைத் தீட்டிக்கொண்டு போங்கள். கடுகுச் சத்தம் கேட்டால் நிறுத்துங்கள். குளிர்தொட்டியில் நனைந்த சென்சாரைத் துடைக்காமல் சூடான எண்ணெயில் விடுவதும் இதே குற்றம்தான்.

முகக்கவசம், நீளக் கை வைத்த பருத்திச் சட்டை, சூடு தாங்கும் கையுறை, மூடிய காலணி. குளிருக்காக அணியும் செயற்கை இழை ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுத்தான் எண்ணெயின் அருகில் போக வேண்டும். அது உருகித் தோலோடு ஒட்டும்.

காலை முதல் வேலை: பனிக்கட்டிப் புள்ளி

மலை கெடுப்பதையே சொல்லிக்கொண்டிருந்தேன். மலை தொடாமல் விட்டது ஒன்றும் இருக்கிறது. கொதிநிலை ஏழரை டிகிரிவரை இறங்கும் இதே ஊட்டியில், பனிக்கட்டி உருகும் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டுமே மாறுகிறது, அதுவும் மேல்நோக்கி. நம் வேலைக்கு அது பூஜ்யம்தான். நம்முடைய குறிப்புத் தெர்மாமீட்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று தினமும் பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது.

காய்ச்சி வடித்த நீரை உறைய வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக அலசிக்கொள்ளுங்கள். விரலில் ஒட்டிய உப்புகூடப் பூஜ்யத்தைக் கீழே இழுக்கும். கட்டியை மிக்ஸியில் போட்டுத் தூளாக்கி, அகலவாய் ஃபிளாஸ்க்கில் கொட்டுங்கள். இப்போது அது வெள்ளைவெளேர் என்று உலர்ந்திருக்கும். ஃபிரீசரிலிருந்து வந்த பனிக்கட்டி பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழே இருக்கிறது என்பதற்கு அந்த வெண்மைதான் அடையாளம். குளிர வைத்த வடிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சுத்தமான கம்பியால் குத்திக் குத்திக் கிளறுங்கள். வெண்மை போய், கண்ணாடிபோல மங்கிய சாம்பல் நிறம் வரும். மேலே தண்ணீர் மிதக்கக் கூடாது, மிகுந்ததை வடித்துவிட்டு இன்னும் பனித்தூள் திணியுங்கள். அடியில் வெறும் தண்ணீர் தேங்கினால் அது 4 டிகிரிவரைகூடப் போகும், சென்சாரின் முனை அங்கே நின்றால் எல்லாம் வீண். பார்க்கும்போது பனிக்கட்டி ஃபிளாஸ்க்கின் அடிவரை நெருக்கமாக இருக்க வேண்டும், இடுக்குகளை மட்டும் தண்ணீர் நிறைக்க வேண்டும்.

சென்சாரை ஆழமாக நட்டு 15 நிமிடம் விடுங்கள். வெப்பநிலைக்கு ஏற்ப மின்தடை மாறும் பி.டி. 100 வகைப் பிளாட்டினம் சென்சார் பூஜ்யத்தில் 100 ஓமை ஒட்டிக் காட்டும். 0.01 டிகிரிக்கு 0.0039 ஓம் என்பது கணக்கு. அதன் காலிபரேஷன் சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, நாள், நேரம், ஓம் மூன்றையும் பதிவேட்டில் எழுதுங்கள். ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போனால் சென்சார் அடிபட்டிருக்கிறது. ஒரு நாள் மட்டும் குறைவாகக் காட்டினால் அதன் தலைப்பகுதியில் ஈரம் இறங்கியிருக்கலாம். மூடுபனிக் காலத்தில் இது அடிக்கடி நடக்கும். ஈரம் வழியாக மின்சாரம் கசிந்தால் மின்தடை குறைவாகத் தெரியும், வெப்பநிலையும் குறைவாகத் தெரியும். மின்விளக்குப் பெட்டியில் ஒரு இரவு வைத்து உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒரு டிரையர் தெர்மாமீட்டரை எடுத்துக்கொள்வோம்

தொழிற்சாலையிலிருந்து, தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். "ஐந்து டிகிரி குறைத்துக் காட்டுகிறது என்று நினைக்கிறேன், தூள் வேகமாகக் காய்கிறது" என்று சீட்டு. முதலில் துடைத்துப் பாருங்கள். தேயிலைப் பிசின் ஏறி சென்சார் கறுத்திருக்கும், அதோடு தொட்டியில் இறக்கினால் எண்ணெய் நாறும்.

எவ்வளவு ஆழம் இறக்குவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். குழாயின் விட்டத்தைப்போல 15 மடங்கு, அதோடு முனையில் உணரும் பகுதியின் நீளம். 6 மில்லிமீட்டர் குழாய்க்கு 90 மில்லிமீட்டர், முனைக்கு 30 என்று வைத்தால் 12 சென்டிமீட்டர். அதைவிடக் குறைத்தால் குழாய் வழியே சூடு மேலே ஓடிவிடும். மலையில் அறை குளிர்ந்திருப்பதால் ஓட்டம் இன்னும் அதிகம். இரண்டு சென்சார்களின் முனைகளும் ஒரே மட்டத்தில், ஒன்றுக்கொன்று ஒரு விரல் அகலத்தில், சுவரையும் ஹீட்டரையும் தொடாமல் நிற்கட்டும்.

கண்ணாடித் தெர்மாமீட்டர் என்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டுக்கும் கணக்கு உண்டு. முழுதும் மூழ்க வேண்டிய பாதரசத் தெர்மாமீட்டரில் 40 டிகிரி அளவுள்ள தண்டு வெளியே இருக்கிறது, தொட்டி 90, தண்டைச் சுற்றிய காற்று 20 என்றால், 0.00016-ஐ 40-ஆலும் 70-ஆலும் பெருக்க வேண்டும். 0.45 டிகிரி வரும். அந்த அளவு குறைவாகக் காட்டும். சமவெளியில் 30 டிகிரி அறையில் அதே பிழை 0.38 ஆகிவிடும். குளிர் அறைக்கு விலை இது.

செட் பாயின்ட் வந்துவிட்டது என்று கண்ட்ரோலர் பச்சை காட்டியதும் அளக்கத் தொடங்காதீர்கள். கண்ட்ரோலரின் சென்சார் இருக்கும் இடத்தில் வந்துவிட்டது, அவ்வளவுதான். எண்ணெய்க்கு அரை மணி நேரம் விடுகிறேன். பிறகு இந்த வரிசையில் படிக்கிறேன்: குறிப்பு, சோதனை, சோதனை, குறிப்பு. தொட்டி மெல்ல ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருந்தாலும், இரண்டு கோடியிலும் குறிப்பை வைத்துச் சராசரி எடுத்தால் அந்த நகர்வு கழிந்துபோகும். ஒரு நாள் எழுதியது: குறிப்பு 99.96, சோதனை 100.4, சோதனை 100.5, குறிப்பு 100.00. குறிப்பின் சராசரி 99.98. அந்த வெப்பநிலையில் அதற்குச் சான்றிதழ் சொல்லும் திருத்தம் 0.02 கூட்டல், ஆக உண்மை 100.00. சோதனையின் சராசரி 100.45. பிழை 0.45 மட்டும்தான், அதுவும் கூட்டித்தான் காட்டுகிறது. டீமேக்கர் சொன்ன ஐந்து டிகிரிக் குறைவு இல்லை. டிரையரில் சென்சாரை எங்கே செருகியிருக்கிறார்கள் என்று போய்ப் பார்க்கச் சொன்னோம். காற்றுக்குழாயின் சுவரை ஒட்டி வைத்திருந்தார்கள்.

இதையே ஐந்து முறையாவது திரும்பச் செய்து, கீழிருந்து மேலாக ஒவ்வொரு புள்ளியாகப் போங்கள். கடைசியில் நடுப்புள்ளி ஒன்றுக்குத் திரும்பி வந்து பாருங்கள்.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை திரவத்தைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தண்ணீர் வழவழப்பானால் பாசி, வடித்துத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். எண்ணெய் பழுப்பேறி நூல்போல இழுபட்டால் அதன் காலம் முடிந்தது. கெட்டிப்பட்ட எண்ணெய் சூட்டைச் சீராகப் பரப்பாது. அதிகச் சூட்டில் கண் எரியும் ஆவியையும் விடும். 100-க்கு மேல் வேலை என்றால் புகைபோக்கி விசிறி ஓடட்டும், எவ்வளவு குளிரடித்தாலும் ஒரு சன்னல் திறந்திருக்கட்டும்.

மாதம் ஒருமுறை கட்-ஆஃபைச் சோதியுங்கள். தொட்டி 60 டிகிரியில் இருக்கும்போது கட்-ஆஃப் திருகை மெதுவாகக் கீழே இறக்குங்கள். 60-ஐ ஒட்டி 'டக்' என்று துண்டிக்க வேண்டும். துண்டிக்காவிட்டால் அன்று வேலை இல்லை. திரவ மட்டம் இறங்கினால் ஹீட்டரை அணைக்கும் மிதவை உள்ள தொட்டியில் அதை விரலால் அழுத்தி, ஹீட்டர் அணைகிறதா என்றும் பாருங்கள். கம்ப்ரசரின் கம்பிவலையில் தூசி சேரும். தொழிற்சாலை அருகில் இருந்தால் தேயிலைப் பஞ்சு கம்பளம்போலப் படியும், மென்மையான தூரிகையால் எடுத்துவிடுங்கள்.

எண்ணெயை 50 டிகிரிக்கு மேல் வடிக்காதீர்கள். ஆறும்வரை கலக்கி ஓடட்டும், மூடியும் இருக்கட்டும். வடித்த எண்ணெயையோ கிளைகாலையோ கழுவுதொட்டியில் ஊற்றக் கூடாது. குன்னூர் ஆறு இங்கிருந்து இறங்கி பவானியில்தான் கலக்கிறது. பெயர் எழுதிய கேனில் சேர்த்து வைத்து, கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

தவறு நடந்தால்

எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. சுவர் சுவிட்சை அணைத்து, கைக்கு எட்டினால் மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள். அடங்காவிட்டால் உலர்தூள் அணைப்பான், அதுவும் தள்ளி நின்று. சுவிட்சும் அணைப்பானும் தொட்டிக்குப் பின்னால் இருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள், கதவுப் பக்கம்தான் அவற்றின் இடம்.

கையில் சூடு பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். மலைத் தண்ணீர் சில்லென்று கடுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பனிக்கட்டி வைக்காதீர்கள். மஞ்சள், பற்பசை, மை எதுவும் வேண்டாம். கொப்புளம் வந்தால் மருத்துவர்.

பாதரசத் தெர்மாமீட்டர் சூடான தொட்டிக்குள் உடைந்தால் எட்டிப் பார்க்காமல் அணைத்து, சன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறுங்கள். முழுதும் ஆறிய பிறகுதான் உள்ளே போக வேண்டும். வாக்குவம் கிளீனர் கூடாது, பாதரசத்தை ஆவியாக்கி அறை முழுக்கப் பரப்பிவிடும். அந்தத் திரவம் முழுதும் கழிவுதான்.

கீழே அனுப்பும்போது

நம் குறிப்புத் தெர்மாமீட்டரும் குறித்த கெடுவில் காலிபரேஷனுக்குப் போக வேண்டும். காலிபரேஷன் ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரத்தில், ஆய்வகங்களை மதிப்பிடும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கே அனுப்புங்கள். சான்றிதழில் உங்களுக்கு வேண்டிய புள்ளிகள் இருக்கின்றனவா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 100 டிகிரி இல்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு டிரையருக்கு என்ன செய்வது?

உள்ளே இருப்பது மெல்லிய பிளாட்டினக் கம்பி. ஒரு நல்ல அதிர்ச்சி போதும், அதன் மின்தடை நகர்ந்துவிடும். கூரியரில் போட்டு, திரும்பி வந்ததும் பனிக்கட்டிப் புள்ளியில் 0.05 டிகிரி தள்ளி நின்ற ஒன்றைப் பார்த்த பிறகு, நாங்கள் அதைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸில்தான் இறங்குகிறோம். கிளம்பும் நாள் காலையில் பனிக்கட்டியில் வைத்து ஓமை எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வந்த அன்று, சான்றிதழ் உறையைப் பிரிப்பதற்கு முன்பே, மறுபடியும் பனிக்கட்டியில் வைத்து எழுதுங்கள்.